டன்ஃபீல்ட் நூலகத்தின் மூன்றாம் விதி

முதலில், யார் யார் வந்திருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அன்று யார் யாரை எதனால் அடித்தார்கள் என்பது அவரவர் உட்கார்ந்த இடத்தையும் அங்கே கைக்கு எட்டிய பொருளையும் பொறுத்தே அமைந்தது.

அமாசா பிக்ஃபோர்டின் மளிகைக் கடையில் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த ஒரே நாற்காலியில் நூலகக் குழுவின் தலைவர் ஜோத்தம் ஹார்வுட். ஆற்றோரத்து மாவு ஆலையும் மரம் அறுக்கும் ஆலையும் அவருடையவை. அவர் கைக்கு எட்டியது அடுப்பைக் கிளறும் இரும்புக் கோல். அவருக்கு எதிரே, ஆணிப் பீப்பாயின் மேல் தேவாலய டீக்கன் கிம்பல். மடியில் அவருடைய சொந்தக் கைத்தடி. விற்பனைப் பலகைக்குப் பின்னால் கடைக்காரர் அமாசா. ஊரின் தபால் அலுவலரும் அவர்தான், அன்று முதல் நூலகரும் அவர்தான். அவர் பக்கத்தில் தராசும் எடைக்கற்களும் இருந்தன. ஜன்னலோரம் மாவு மூட்டையின் மேல் பள்ளி ஆசிரியை லோயிஸ் பேட்சல்டர். சுவரை ஒட்டிய இரண்டு பெஞ்சுகளில் குழு உறுப்பினர்கள் ஐவரும் செம்மறி வளர்க்கும் விவசாயிகள் பதினாறு பேரும். தோல் பதனிடும் ஓபெட் டார்பெலுக்கு மட்டும் இடம் ஒதுக்கவில்லை. தோல் நாற்றம் உள்ளே வராதபடி, காற்று வெளியே போகும் பக்கமாக, வாசலை ஒட்டி நிற்கச் சொன்னார்கள். அவன் கைக்கு எதுவும் எட்டவில்லை.

அது ஆயிரத்து எண்ணூற்று முப்பத்து நான்காம் ஆண்டு வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை. அதுவரை நியூ ஹாம்ஷயரின் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் புத்தகம் என்றால் பங்கு போட்டு வாங்கியவர்களுக்கு மட்டும்தான். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில்தான் எழுபத்தாறு பேர் கை தூக்கி, ஊர்ப்பொதுவில் புத்தகம் வாங்கி, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப்போய்ப் படிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். தூக்கிய கைகளில் ஓபெட்டின் கைகளும் இருந்தன. ஆர்வத்தில் இரண்டையும் தூக்கிவிட்டான், ஒன்றைத்தான் எண்ணினார்கள்.

தலைவர் எழுந்து திறப்புரை ஆற்றினார்.

"அறிவுங்கறது ஆத்துத் தண்ணி மாதிரி. அது பாட்டுக்கு ஓட விட்டா யாருக்கும் பிரயோசனமில்ல. குறுக்க அணை கட்டி, மதகு வச்சு, யாருக்கு எவ்வளவுன்னு அளந்து விடணும். அப்பத்தான் நம்ம ஆலை... நம்ம ஊர் ஓடும்."

எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு அலமாரியைத் திறந்தார்கள். நூற்று நாற்பத்திரண்டு புத்தகங்கள். அவற்றில் தொண்ணூற்றெட்டு பிரசங்கத் தொகுதிகள். ஒரே ஒரு கதைப் புத்தகம். கதைப் புத்தகத்தைக் கண்டதும் பெஞ்சிலிருந்து இரண்டு விவசாயிகள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இருவருக்கும் ஏற்கெனவே வேலித் தகராறு. பிரசங்கம் ஒன்று படித்து முடித்தவருக்குத்தான் கதை கொடுக்க வேண்டும் என்று டீக்கன் கைத்தடியை நடுவில் நீட்டினார். ஒருவர் அதில் தடுக்கி மற்றவர் மேல் விழுந்தார். விழுந்தவர் வாயில் எடைக்கல் ஒன்று பட்டது. அமாசா அதை அமைதி வேண்டித்தான் எறிந்தார் என்று நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. தலைவர் இரும்புக் கோலால் ஒழுங்கை நிலைநாட்டியபோது ஒரு விவசாயிக்கு முழங்கை விலகியது. எல்லாம் ஓய்ந்த பிறகு கதைப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் இரண்டு பற்கள் கிடைத்தன. பல் என்பது சேதமா, அல்லது பக்க அடையாளமா என்று விசாரிக்க மூவர் கொண்ட துணைக்குழு அமைத்தார்கள். விசாரணை முடியும்வரை அந்தப் புத்தகம் வெளியே போகக்கூடாது.

அதன் பிறகுதான் ஓபெட் முன்னால் வந்து, நாற்பத்தொன்றாம் எண் புத்தகம் வேண்டும் என்று கேட்டான்.

அது மாநிலச் சட்டத் தொகுப்பு. ஓபெட்டுக்குச் சட்டத்தின் மேல் தனிப் பிரியம் ஒன்றுமில்லை. ஹார்வுட் தன் ஆலை அணையை நான்கு அடி உயர்த்த அனுமதி கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தார். அணை நான்கு அடி உயர்ந்தால் ஓபெட்டின் தோல் ஊறும் குழிகள் பதினெட்டும் தண்ணீருக்குள் போகும். குழிகள் போனால் பதினான்கு வருடத் தொழில் போகும். ஆட்சேபம் உள்ளவர்கள் சட்டப்படி தெரிவிக்கலாம் என்று தேவாலயக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சட்டப்படி என்றால் எப்படி என்று அதில் இல்லை. ஊரில் இருந்த ஒரே வக்கீல் ஹார்வுட்டின் மருமகன். ஓபெட் ஹார்வுட்டிடமே கேட்டான். அவரும் அன்பாகத்தான் சொன்னார்: "ஜூன் மூணாந்தேதி செவ்வாய்க்கிழமை நேர்ல வா, எந்திரிச்சு நில்லு, ஜட்ஜுகிட்ட வாயால சொல்லு. அது போதும்." அந்த அன்புதான் ஓபெட்டைப் பயமுறுத்தியது. சட்டத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தீர்மானித்தான்.

அமாசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாம் விதியை வாசித்தார். புத்தகம் பெறுபவர் நூலகர் முன் இரு கைகளையும் நீட்டிக் காட்ட வேண்டும். அழுக்குக் கைக்குப் புத்தகம் இல்லை.

ஓபெட் கைகளை நீட்டினான். மரப்பட்டைச் சாற்றில் பதினான்கு வருடம் ஊறிய கைகள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை பழைய செருப்பின் நிறம்.

இது அழுக்கு அல்ல, நிறம் என்று ஓபெட் சொன்னான். குழு கூடியது. நிறமா அழுக்கா என்பதைக் கழுவிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று தீர்மானம் நிறைவேறியது. இரண்டு உறுப்பினர்கள் அவன் தோள்களைப் பிடித்துக்கொண்டார்கள். அடுப்புச் சாம்பலில் வடித்த காரநீரை ஒரு வாளியிலும் ஆற்று மணலை ஒரு வாளியிலும் கொண்டுவந்தார்கள். தேய்ப்பதற்குக் குதிரைத் தூரிகை. அரைமணி நேரம் தேய்த்தார்கள். நிறம் போகவில்லை, தோல் போனது. அடியில் சிவப்பாக வந்ததைப் பார்த்து அமாசா திருப்தியோடு தலையசைத்தார். ஆனால் அது சொட்டியது. புத்தகத்தில் இரத்தம் பட்டால் என்ன செய்வது என்று டீக்கன் கேட்டார். அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அன்றே நான்காம் விதி எழுதப்பட்டது: ஈரக் கைக்கும் புத்தகம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் கைகள் பொருக்குத் தட்டியிருந்தன. பொருக்கு உதிரும் என்பதால் ஐந்தாம் விதி. மூன்றாம் சனிக்கிழமை புதுத்தோல் குழந்தையின் கன்னம் மாதிரி வந்திருந்தது. ஆனால் அந்த வாரம் தோல்களை மறுகுழிக்கு மாற்றாவிட்டால் அழுகிவிடும் என்பதால் வேலை செய்திருந்தான், மறுபடியும் செருப்பு நிறம். மறுபடியும் வாளிகள் வந்தன. இந்த முறை இடது கைச் சுண்டுவிரல் நகமும் சேர்ந்து போனது. அது எங்கே விழுந்தது என்று தேடிப் பார்த்து, புத்தகம் எதிலும் இல்லை என்று பதிவு செய்தார்கள்.

அன்றுதான் ஓபெட் கொஞ்சம் குரலை உயர்த்தினான். அலமாரியில் இருக்கும் புத்தகங்களில் பாதிக்கு அட்டை போட்டது தன்னுடைய கன்றுத்தோல் என்றான். தொட்டுத் தொட்டுப் பதனிட்டவன் தான் என்றான். தலைவர் கோபப்படவில்லை.

"இங்க பாரு ஓபெட். தோலை நீ உரிச்ச, ஊற வச்ச, அடிச்ச, பதப்படுத்தின. அதனால அது அலமாரிக்கு வந்துச்சு. உன்னை இன்னும் யாரும் முழுசாப் பதப்படுத்தல. நாங்க முயற்சி பண்ணிட்டுத்தான இருக்கோம்? பொறுமை வேணும்பா."

ஓபெட்டின் மனைவி ஹல்டா இதைக் கேட்டுவிட்டு, அதற்கடுத்த சனிக்கிழமை தானே கிளம்பினாள். ரொட்டி மாவு பிசைந்து பிசைந்து வெளுத்த கைகள். அமாசா பார்த்தார், முகர்ந்தார், குறை ஒன்றும் காணவில்லை. அதனால் அந்தச் சட்டப் புத்தகத்திலேயே பதில் தேடினார். மணமான பெண்ணுக்குச் சட்டத்தில் தனிக் கை கிடையாது என்றார். அவள் கை என்பது புருஷன் கைதான்; ஆகவே அதுவும் அழுக்கு.

"அப்படியா? அப்ப இப்ப உங்களை அடிக்கப்போறது அவருதான்," என்று ஹல்டா சொன்னாள். கூரையிலிருந்து தொங்கிய உப்புக் கருவாட்டில் பெரியதாக ஒன்றை உருவினாள். மூன்றடி நீளம், பலகை மாதிரி காய்ந்தது. முதல் அடியில் கண்ணாடி உடைந்தது. இரண்டாவதில் காது கிழிந்தது. மூன்றாவதில் கருவாடு உடைந்தது. சொன்னபடியே, தாக்கியவர் ஓபெட் டார்பெல் என்று பதிவேட்டில் எழுதினார்கள். அவன் அந்த நேரத்தில் ஒரு மைல் தள்ளிக் குழிக்குள் நின்றிருந்தான்.

மே மாதக் கடைசிக்குள் விதிகள் ஐம்பத்தெட்டு ஆயின. நூலகம் திறந்து பதினொரு வாரம். ஒரு புத்தகமும் வெளியே போகவில்லை. குதிரைக்காரன் ஒருவன் தும்மியதற்காக மூக்குடைபட்டான். விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பப் பார்த்த ஒரு தச்சனின் விரலை அலமாரிக் கதவில் வைத்துச் சாத்தினார்கள். ஊரில் எலும்பு கட்டுகிறவருக்குச் சனிக்கிழமைதோறும் கடை வாசலிலேயே வேலை இருந்தது. அவரும் ஒரு புத்தகம் கேட்டுப் பார்த்தார். அவர் கையில் எப்போதும் யாருடையதாவது இரத்தம் இருந்தது.

நீதிமன்ற நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆசிரியை லோயிஸ் சிறப்புக் கூட்டம் கேட்டாள். அவள் தீர்மானம் எளிமையானது. புத்தகத்தை அவள் தன் சுத்தமான கைகளால் பிடித்து ஆலைகள் பற்றிய பக்கத்தை உரக்க வாசிப்பாள். ஓபெட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று கேட்பான்.

தலைவர் யோசித்தார். கேட்பதும் ஒருவகையில் எடுத்துச் செல்வதுதான் என்றார். எடுத்துச் சென்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காதுக்குள் போனதை எப்படித் திரும்ப வாங்குவது? மேலும், காது சுத்தமா என்று யார் பார்த்தது?

தீர்மானத்தை டீக்கன் கிம்பல் வழிமொழிந்தார். ஓபெட்டின் மேல் இரக்கத்தால் அல்ல. தேவாலயத்தில் கணப்பு அடுப்பு வைக்க வேண்டும் என்று ஹார்வுட்டும், கடவுளைக் கும்பிடுகிறவன் குளிரத்தான் வேண்டும் என்று கிம்பலும் பிடிவாதம் பிடித்து, இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

"உக்காருங்க டீக்கன். நீங்க பேச முறை வரல," என்றார் தலைவர்.

"நான் பேசல. வழிமொழிஞ்சேன். காது அடுப்புச் சூட்டுல உருகிப்போச்சா ஐயா?"

தலைவர் இரும்புக் கோலால் டீக்கனைத் தொட்டு உட்கார வைக்க முயன்றார். கோல் அடுப்பிலேயே இருந்ததால் சிவந்திருந்தது. டீக்கனின் கோட்டு புகைந்தது. டீக்கன் கைத்தடியைச் சுழற்றினார். அது தலைவரின் இடது கண்ணில் இறங்கியது. பெஞ்சில் இருந்தவர்கள் அடுப்புக் கட்சி, குளிர்க் கட்சி என்று பிரிந்து எழுந்தார்கள். ஒருவர் மண்டையில் வெல்லப்பாகு ஜாடி உடைந்தது. ஒருவர் தன் மைத்துனரின் காதைக் கடித்தார், பிறகு ஆள் மாறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டு மற்றவர் காதைக் கடித்தார். டீக்கனின் காறையெலும்பு முறிந்த சத்தம் தெருவில் போனவர்களுக்குக் கேட்டது.

இந்த அமளியில் லோயிஸ் அலமாரியிலிருந்து நாற்பத்தொன்றாம் எண்ணை உருவினாள். அமாசா மறுமுனையைப் பிடித்தார். இருவரும் இழுத்தார்கள். புத்தகம் கைநழுவிப் பறந்து, வாசலோரம் நின்ற ஓபெட்டின் நெற்றியில் மோதியது. நல்ல கனமான சட்டம். ஓபெட் குப்புற விழுந்தான். புத்தகமும் அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி விரிந்து விழுந்தது. உடனே கடமை தவறாத இரண்டு உறுப்பினர்கள் ஓடிவந்து, மூன்றாம் விதி மீறப்படாதிருக்க, அவனுடைய இரண்டு கைகளின் மேலும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஓபெட் கண்ணைத் திறந்தான். எதிரே எழுத்து இருந்தது. ஊர் சுற்றும் பன்றிகளைப் பிடித்துக் கட்டுவது பற்றிய சட்டம்.

"டீச்சரம்மா," என்று மெதுவாகக் கூப்பிட்டான். "பன்னி வந்திருக்கு. ஆலை இன்னும் பின்னாடிங்க."

லோயிஸின் இரண்டு கைகளும் அமாசாவின் தலைமுடியில் இருந்தன. அவற்றை எடுக்க முடியாது. ஆனால் ஐம்பத்தெட்டு விதிகளில் கால் பற்றி ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும், எல்லா விதிகளையும் குழுவுக்காக நகல் எடுத்தவள் அவள்தான். ஒற்றைக் காலில் நின்றபடி, மறுகால் செருப்பின் நுனியால் பக்கத்தைத் தள்ளினாள். பன்றி போய்ப் பாலம் வந்தது. பாலம் போய்ப் பைத்தியக்காரர் பராமரிப்பு வந்தது. நான்காவது தள்ளலில் ஆலை வந்தது.

ஓபெட் வாசிப்பதில் வேகம் போதாதவன். ஒவ்வொரு சொல்லாக உதடசைத்துப் படித்தான். அவன் முதுகின் மேல் ஆட்கள் விழுந்தார்கள், எழுந்தார்கள். யாரோ ஒருவரின் மூக்கிலிருந்து பெரிய சொட்டு ஒன்று மூன்றாம் வரியில் விழுந்து ஒரு சொல்லை மூடியது. அது வழிந்து கீழே போகும்வரை காத்திருந்து தொடர்ந்தான். அணையால் நிலம் மூழ்கக்கூடியவன் தன் ஆட்சேபத்தை எழுத்தில் தர வேண்டும். எத்தனை அடித் தண்ணீர் நிற்கும், என்ன தொழில் பாழாகும் என்று அதில் குறிக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். விசாரணை நாளுக்கு முன் நீதிமன்ற எழுத்தரிடம் சேர வேண்டும். நேரில் வந்து வாயால் சொல்வது ஆட்சேபமாகக் கொள்ளப்படாது, சம்மதமாகக் கொள்ளப்படும்.

கடைசி வரியை இரண்டு தடவை படித்தான். விலா எலும்பில் யாரோ உதைத்தது அவனுக்குத் தெரியவில்லை.

இதற்குள் தலைவரின் வலது கண்ணும் மூடிக்கொண்டது. கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் ஒத்திவைப்பதற்கும் முறை உண்டு. "ஒத்திவைக்க ஆதரவு தர்றவங்க கை தூக்கலாம்," என்றார். ஒருவரும் தூக்கவில்லை. எல்லார் கையும் யாராவது ஒருவரின் கழுத்திலோ சட்டையிலோ இருந்தது. விட்டால் அடுத்தவன் அடிப்பான். அமாசா அவருக்காக எண்ணிப் பார்த்து, ஆதரவு இல்லை என்றார். தீர்மானம் தோற்றதால் சண்டையைத் தொடர வேண்டியதாயிற்று. கால்மணி கழித்து மறுபடியும் கேட்டார், மறுபடியும் தோற்றது. டன்ஃபீல்டில் ஓட்டெடுப்பு இல்லாமல் எதையும் நிறுத்திய வழக்கம் கிடையாது. நாங்கள் கொடுங்கோலர்கள் அல்ல.

"கொஞ்சம் எந்திரிங்க," என்று ஓபெட் தன் கைகளின் மேல் இருந்தவர்களிடம் சொன்னான். "ஓட்டுப் போடணும்."

ஓட்டு என்றதும் இருவரும் மரியாதையாக எழுந்துகொண்டார்கள். ஓபெட் வலது கையை உயர்த்தினான். செருப்பு நிறக் கை, புறங்கையில் பழைய புண்கள். அது அழுக்கா என்று யாரும் கேட்கவில்லை.

ஆதரவு ஒன்று, எதிர்ப்பு இல்லை, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று அமாசா அறிவித்தார். அவரவர் பிடியை அவரவர் விட்டார்கள். பற்கள் ஒன்பது, விரல்கள் மூன்று, காறையெலும்பு ஒன்று, காது ஒன்றரை. நாற்பத்தொன்றாம் எண்ணை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

அன்று மாலையே ஓபெட் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினான். ஹல்டா காகிதத்தின் மூலைகளைப் பிடித்துக்கொண்டாள். நான்கு அடித் தண்ணீர், பதினெட்டுக் குழிகள், பதினான்கு வருடம். சாட்சிக் கையெழுத்தை லோயிஸ் போட்டாள். இன்னொன்றை டீக்கன் கட்டிலில் படுத்தபடியே, அடுப்புக் கட்சிக்கு எதிராக என்றால் இடது கையால்கூடப் போடுவேன் என்று சொல்லிப் போட்டார்.

சனிக்கிழமை காலை தபால் வண்டி வரும் நேரத்துக்கு ஓபெட் கடைக்குப் போனான். உடைந்த ஜாடித் துண்டுகளைப் பெருக்கி ஒதுக்கியிருந்தார்கள். அமாசாவின் ஒரு கை கழுத்துக் கட்டில் தொங்கியது. தலைவர் ஹார்வுட் அதே நாற்காலியில் இருந்தார். இரண்டு கண்களும் கத்திரிக்காய் மாதிரி வீங்கி மூடியிருந்தன. மாநில ஆளுநருக்கு அனுப்பும் நூலக அறிக்கையை அவர் சொல்லச் சொல்ல அமாசா எழுதி முடித்திருந்தார். இப்போது வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பதினொரு வாரங்களில் ஒரு புத்தகமும் தொலையவில்லை. ஒரு பக்கமும் மடியவில்லை. திருப்பித் தராதவர் எவருமில்லை. ஊர் மக்களிடையே கலந்து பழகும் வழக்கம் முன்பைவிடப் பெருகியிருக்கிறது.

கதவுச் சத்தம் கேட்டுத் தலைவர் முகத்தைத் திருப்பினார்.

"யாரது?"

"ஓபெட்டுங்க. ஒரு லெட்டர் போடணும்."

"லெட்டரா? நீயே எழுதினதா?"

"ஆமாங்க."

தலைவரின் வீங்கிய முகம் மலர்ந்தது. அமாசா பக்கம் கையை நீட்டினார். "எழுதிக்கோ அமாசா. நூலகம் வந்த பொறவு தோல் பதனிடுறவன்கூடக் கடிதம் எழுதப் பழகிட்டான். கடைசி வரியாப் போடு. இதுக்குத்தானய்யா நாம இவ்வளவு அடிபட்டோம்."

அமாசா எழுதினார். பிறகு ஓபெட்டின் கடிதத்தை வாங்கி முகவரியைப் பார்த்தார். மாவட்ட நீதிமன்ற எழுத்தர். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் என்ன தாமதம் என்று கேட்டார். அரசாங்கத் தபாலில் யார் யாருக்கு எழுதுகிறார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்றும் விதி இருந்தது; அமாசா விதியை மீறியவரல்லர். ஒரு கைதான் இருக்கிறது, அரக்கு உருக்க முடியவில்லை என்றார்.

"கொண்டா, மெழுகுவத்திய நான் பிடிக்கிறேன்," என்றார் தலைவர்.

பிடித்தார். கை நடுங்காமல், தாராளமாகப் பிடித்தார். அமாசா அரக்குக் குச்சியை அந்தச் சுடரில் காட்டி, அறிக்கையின் மடிப்பில் ஒரு சொட்டும் ஓபெட்டின் கடிதத்து மடிப்பில் ஒரு சொட்டும் விட்டு, இரண்டையும் அழுத்தி முத்திரை வைத்தார். இரண்டும் ஒரே பைக்குள் போயின. வெளியே குதிரைகள் வந்து நின்றன. வண்டிக்காரர் பையைத் தூக்கி ஆசனத்துக்கு அடியில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.